குறிப்பில் இல்லாத ஊர்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமனாராகப் போகிறவரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ ஒரு சிரிப்புச் சிரித்தாய். அதை மெல்பேர்னிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. விமானத்திலும் கேட்டது. இங்கே சிட்னியில், மெரிலேண்ட்ஸ் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி வைக்கும்போதும் கேட்கிறது. ரெலிபோனில் சொன்னால் "ஓகே அப்பா, லேட்டர் கதைப்பம்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன். வாழ்நாள் முழுக்கப் புவியியல் படிப்பித்தவனிடம் சுருக்கமாகச் சொல்லும்படி யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

நடந்ததை நீ மறந்திருப்பாய், உனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. திருமணப் பதிவுக்கான படிவம் மேசையில் கிடந்தது. சம்பந்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் அவருடைய விரல் நின்றது. "தம்பி, இதென்ன ஆபிரிக்கா எண்டு கிடக்கு? சாதகக் குறிப்பில யாழ்ப்பாணம் எண்டெல்லோ இருந்தது?" என்றார். நீ சிரித்தாய். "அது சும்மா ட்ரான்சிட் மாதிரி அங்கிள். அப்பாவுக்கு அங்க ஒரு ஜொப். ஜஸ்ட் டெசர்ட், மாடு, கொஞ்சம் குடிசை. நான் அதைக் கணக்கெடுக்கிறேல்லை. நான் யாழ்ப்பாணம்தான்." அவரும் சிரித்தார். "நல்ல காலம், நிறம் ஒட்டேல்லை" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "ஓமோம், குறிப்பு எப்பவும் பூர்வீக ஊர்க் கணக்கிலதான் எழுதிறது, அது வழமை" என்றேன். அப்படி ஒரு வழமை உலகத்தில் எங்கும் கிடையாது. வாயில் மீன் துண்டை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே உண்டாக்கினேன்.

அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள் சிரிக்கவில்லை. நான் கோப்பைகளைக் குசினிக்குக் கொண்டுபோனபோது நீ கட்டப்போகிற ஆரபி கையில் துணியோடு நின்றாள். "அங்கிள், அந்த ஊர் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள். இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் ஒரு தமிழ்ச் சனம் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கோயில் கார் நிறுத்துமிடத்தில் ஆபிரிக்காவில் இருந்தவர்கள் ஐந்தாறு பேர் வாராவாரம் கூடுகிறோம். எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே சிட்னியில் இறங்கியவர்கள் போலத்தான் கதைப்போம். அப்படிப் பழகிய வாயால் நான் அவளுக்குச் சொன்ன பதில், "வெக்கை பிள்ளை, நல்ல வெக்கை." அவள் இன்னும் வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். "வேற?" என்றாள். எனக்குக் காது கேட்காதது போல வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே இந்தக் கடிதத்தின் பாதி அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது. மற்றப் பாதி நீ கட்டாயம் கேட்க வேண்டியது. முதலில் உன் யாழ்ப்பாணத்தை ஒருக்கால் பார்ப்போம். நீ அங்கே இருந்தது மொத்தம் பதினெட்டு நாள், அதில் பன்னிரண்டு நாள் வயிற்றோட்டம். மகலாப்பியில் நீ பிறந்து நாலு வருடம் இருந்தாய். அங்கேதான் நடக்கப் பழகினாய், விழுந்து பல்லை உடைத்தாய். உன் வாயில் வந்த முதல் சொல் "மெட்சி". அவர்களுடைய மொழியில் தண்ணீர். அம்மா என்று நீ சொல்ல இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. கணக்கெடுக்கிறதில்லையாம். உன்னுடைய கணக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று எனக்குத் தெரியும், என்னிடம்தான் வாங்கினாய்.

பொட்ஸ்வானா என்பது தென்னாபிரிக்காவுக்கு மேலே, நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த ஒரு நாடு. கடல் இல்லை. முக்கால்வாசியும் கலகாரி மணல். அந்த மணலைப் பாலைவனம் என்று ஒரு சொல்லில் முடிப்பவன் அதைப் பார்க்காதவன். புல் முளைக்கும், முள்மரம் நிற்கும், மழை பெய்தால் ஒரு கிழமையில் பச்சை வரும். வடக்கே அங்கோலாவிலிருந்து ஒரு பெரிய ஆறு வருகிறது. கடலைத் தேடிப் போகாமல் மணலுக்குள் கை விரித்துப் படுத்து அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த நாட்டுக் காசின் பெயர் புலா, அதற்கு அர்த்தம் மழை. கூட்டம் முடிந்தால் வாழ்த்தாகக் கத்துவதும் புலாதான். கிழக்கு ஓரமாக ஒரே ஒரு ரயில்பாதை, அதை ஒட்டித்தான் சனம். நம்முடைய மகலாப்பி அந்தப் பாதையில் இருந்தது. ஊருக்குத் தெற்கே மகரக்கோடு போகிறது. மார்கழியில் நான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கோட்டின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, நண்பகலில் நிழல் காலுக்குள் ஒடுங்குவதைக் காட்டுவேன். உன் அம்மாவும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை வந்தாள். அதே கோடு இந்த அவுஸ்திரேலியாவையும் குறுக்கே வெட்டித்தான் போகிறது, இதை நீ டெசர்ட் என்று சொல்லிச் சிரிப்பதில்லை.

அவர்களுடைய அரசியலைக் கேள். வெள்ளைக்காரனின் ஒரு கொம்பனி அந்த நிலத்தை விழுங்கப் பார்த்தபோது மூன்று தலைவர்கள் கப்பலேறி லண்டனுக்கே போய், எங்களை அவனிடம் கொடுக்காதே என்று கேட்டு வந்தார்கள். பிரித்தானியா அந்த நாட்டை எவ்வளவு மதித்ததென்றால், அதன் தலைநகரத்தை நாட்டுக்கு வெளியே வைத்திருந்தது. பக்கத்து நாட்டு ஊரில் அரசாங்கக் கந்தோர் வைத்து அங்கிருந்தபடி ஆட்சி. பிறகு ஒரு குலத்தின் தலைமைக்கு வரவேண்டிய இளைஞன் லண்டனில் படிக்கப் போன இடத்தில் ஒரு ஆங்கிலப் பெண்ணைக் கல்யாணம் செய்தான். சொந்தக்காரர் முகம் சுளித்தார்கள், தென்னாபிரிக்க வெள்ளை அரசு குதித்தது, லண்டன் அவனை ஊருக்குத் திரும்ப விடாமல் வருடக்கணக்கில் ஒதுக்கி வைத்தது. பட்டத்தை விட்டுக்கொடுத்தான், பெண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. சாதாரண ஆளாகத் திரும்பி வந்தவனை நாடு சுதந்திரம் பெற்றபோது சனம் வாக்குப் போட்டு முதல் ஜனாதிபதியாக்கியது. ஒரு கல்யாணத்துக்காக இவ்வளவும் பட்ட மனிதனின் நாட்டில் பிறந்த நீ, உன் கல்யாணத்துக்காக அந்த நாட்டையே இல்லை என்றாய்.

சுதந்திரம் கிடைத்த நாளில் அது உலகத்தின் ஏழை நாடுகளில் ஒன்று. தார் ரோட்டு விரல்விட்டு எண்ணலாம். மாடு, மாட்டிறைச்சி, தென்னாபிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலிக்குப் போன ஆண்கள், அவ்வளவுதான் பொருளாதாரம். பிறகு வைரம் கண்டுபிடித்தார்கள். அந்த முதல் ஜனாதிபதியின் சொந்தக் குலத்து நிலத்தில்தான் பெரிய சுரங்கம். மண்ணுக்குக் கீழே இருப்பது முழு நாட்டுக்கும் சொந்தம் என்று சட்டம் செய்தார்கள். அந்த வருமானத்தில் பாடசாலை கட்டி, கட்டிய பாடசாலைக்கு ஆள் தேடித்தான் எங்களைப் போன்ற வாத்திமாரைக் கூப்பிட்டார்கள். நாங்கள் எங்கிருந்து போனோம்? தேயிலை, பல்கலைக்கழகம், எழுதப் படிக்கத் தெரிந்த சனம் எல்லாம் வைத்திருந்தும், ஒருவனை ஒருவன் எரித்த நாட்டிலிருந்து. அதற்காக அவர்களைத் தேவர்கள் என்று சொல்ல வரவில்லை. கலகாரியின் ஆதிக்குடிகளை அவர்களுடைய நிலத்திலிருந்தே கிளப்பினார்கள், தங்களுக்குக் கீழே ஒருவனை வைத்துக்கொள்ள அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் போன தேர்தலில், சுதந்திர நாள் தொடக்கம் ஆண்ட கட்சி தோற்றது. வாக்கெண்ணி முடிய முன்னமே ஜனாதிபதி தோல்வியை ஒப்புக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைப் போனில் வாசித்துவிட்டு இந்தக் குசினியில் தனியாக அழுதேன். நம்முடைய நாட்டில் அப்படி அமைதியாக ஒருவன் தோற்கப் பழகியிருந்தால் நான் ஏன் மகலாப்பிக்குப் போகிறேன், நீ ஏன் மெல்பேர்ன் ட்ருகனினாவில் வீடு வாங்குகிறாய். இப்போது ஆய்வுகூடத்தில் வளர்த்த கல் வந்து அவர்களுடைய வைரத்தின் வயிற்றில் அடிக்கிறது. ஆரபிக்கு நீ போட்ட மோதிரக் கல்லும் அதுதான் என்று பெருமையாகச் சொன்னாய். நல்ல பிள்ளை.

இனி என்னுடைய கதை. சனிக்கிழமைகளில் நாங்கள் தமிழ் வாத்திமார் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அந்த நாட்டுச் சம்பளத்தில் வாங்கிய ஆட்டிறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டு அந்த நாட்டுச் சனத்தைக் காட்டான்கள் என்போம். அதில் முன்னணியில் நான். ஒருநாள் வகுப்பில் நலேடி என்ற பெண்பிள்ளை வரைபடத்தில் சொந்த நாட்டு ஆற்றையே தவறாகக் காட்டினாள். "உன்னுடைய பாட்டன் மாட்டுக்குப் பின்னால் திரிந்தபோது எங்கள் ஊரில் கல்லூரி இருந்தது. நீங்கள் மாட்டுக்குத்தான் சரி" என்றேன். அவளுடைய தகப்பன் ரயில்வேயில் வேலை செய்தவர். அவர் என்னோடு சண்டைக்கு வரவில்லை, கோட்லாவில் சொன்னார். கோட்லா என்பது ஊர்க்கூட்டம். மர நிழலில் வட்டமாக இருப்பார்கள், யாரும் எழுந்து பேசலாம், பேசுகிறவனைக் குறுக்கே மறிக்கக் கூடாது, ஊர்த் தலைவர் கடைசியாகத்தான் வாய் திறப்பார். இருக்கையை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அவர்கள் எல்லோரும் தாழ்ந்த சிறிய கதிரைகளில் இருந்தார்கள். நான் சாப்பாட்டு மேசைக் கதிரையைக் கொண்டுபோய் எல்லோருக்கும் மேலே தெரிய இருந்தேன்.

எல்லோரும் பேசி முடிய, தலைவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பாடசாலை அதிபர் மொழிபெயர்த்தார். "ஆசிரியரே, உங்கள் ஊரில் அவ்வளவும் இருந்ததென்றால், நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" அவர் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார், அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கடைசியில் "யுத்தம்" என்று ஒரு சொல் சொன்னேன். தலைவர் தலையை ஆட்டிவிட்டுச் சபைக்குச் சொன்னதையும் அதிபர் மொழிபெயர்த்தார். "இவருடைய வீட்டில் நெருப்புப் பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட ஆள் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார். இருந்து படிப்பிக்கட்டும்." அவ்வளவுதான் தண்டனை. நான் வீட்டுக்கு வந்து கதிரையை எறிந்தேன். "மாடு மேய்க்கிற சனம் எனக்குப் புத்தி சொல்லுது" என்று உன் அம்மாவிடம் கத்தினேன். நீ அப்போது அவள் வயிற்றில் ஏழு மாதம். "அந்த மனுசன் உங்களைக் காப்பாத்தி விட்டிருக்கு. நீங்கள் அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேளுங்கோ" என்றாள். நான் கேட்கவில்லை.

உன்னைப் பிரசவம் பார்த்த மருத்துவத்தாதி அந்த நலேடியின் தாய். அங்கே ஒரு பெண்ணை அவளுடைய மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அவள் மா நலேடி. நலேடி என்றால் நட்சத்திரம். நான் யாரென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரவு முழுக்க உன் அம்மாவின் முதுகைத் தேய்த்தாள், காலையில் உன்னைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி அழவைத்தாள், என்னுடைய கையில் தந்தாள். குத்தலாக ஒரு சொல், ஒரு பார்வை இல்லை. ஒரு அட்டையில் நேரத்தையும் இடத்தையும் நீல மையால் எழுதி, "இதைப் பத்திரமாக வைத்திருங்கள், உங்களுடைய ஆட்களுக்கு நேரம் முக்கியம் என்று மா சொன்னார்" என்றாள். மா என்று அவள் சொன்னது உன் அம்மாவை. அன்றிலிருந்து அந்த ஊரில் உன் அம்மாவுக்கு உன் பெயரைச் சேர்த்த பெயர்தான்.

குறிப்பு எழுதுவிக்க யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போட வேண்டும். உன் அம்மா, "உள்ள இடத்தை எழுதுங்கோ" என்றாள். நான், "ஆபிரிக்காவில பிறந்ததெண்டு எழுதினால் நாளைக்கு இவனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கப் போகினம்?" என்றேன். பிறந்து ஒன்பது நாளான குழந்தைக்குப் பெண் தேடினேன், பார். இடம் யாழ்ப்பாணம், நேரம் காலை ஆறு பத்து என்று எழுதி அனுப்பினேன். ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்த அதே கையால் எழுதினேன். மகலாப்பியில் ஆறு பத்து என்றால் யாழ்ப்பாணத்தில் ஒன்பது நாற்பது. மூன்றரை மணித்தியாலம் மகன். அதற்குள் நட்சத்திரமே மாறியிருக்கலாம். பூமியின் அடிப்பாதியில் பிறந்தவனை மேல்பாதியில் வைத்துக் கணித்த குறிப்பு அது. அதை வைத்துத்தான் உனக்கும் ஆரபிக்கும் எட்டுப் பொருத்தம் என்று அவளுடைய தாய் பூரித்துப்போய் இருக்கிறாள். பொருந்தியது ஆருடைய பிள்ளைக்கு என்று எனக்கே தெரியாது.

இது முதல் பொய்தான், கடைசி இல்லை. உன் அம்மா போனபோது மரண அறிவித்தல் எழுதியது நான். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் சிட்னியை வதிவிடமாகவும் கொண்டவர் என்று எழுதினேன். அவள் பதினொரு வருடம் இருந்த ஊர், சந்தையில் பேரம் பேசி, பக்கத்து வீட்டுக்காரியோடு சோளம் குத்தி, வாய்விட்டுச் சிரித்த ஊர், ஒரு சொல்லாகக்கூட அதில் இல்லை. இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நாங்கள் புறப்படும் காலத்தில் அந்த நாட்டில் எயிட்ஸ் என்ற பொல்லாத நோய் பரவி என்னுடைய வகுப்பில் கதிரைகள் காலியாகத் தொடங்கின. அவுஸ்திரேலிய விசா வந்ததும் தப்பினோம் பிழைத்தோம் என்று ஓடினேன். நலேடி இருக்கிறாளா, இல்லையா, தெரியாது. விடைபெறக்கூடப் போகவில்லை. உன் அம்மா தனியாகப் போய் மா நலேடியைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தாள். 

இப்படி ஒருவனிடம் வளர்ந்தவன் வேறு எப்படிச் சிரிப்பான்? உன் வீட்டு வாசலில் இரண்டு கமரா பூட்டியிருக்கிறாய். பக்கத்து வீட்டுச் சூடான்காரக் குடும்பம் வந்த கிழமையே பூட்டினாய். "சேஃப்டிக்கு அப்பா, இவங்களை நம்பேலாது" என்றாய். இவங்கள் என்ற அந்தச் சொல்லை நீ சொன்ன விதத்தில் சனிக்கிழமை விருந்துகளில் கேட்ட என் குரல் இருந்தது. வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் நம்முடைய பெடியள் அடைபட்டுக் கிடந்தபோது நம்மைப் பற்றியும் யாரோ வெள்ளைக்காரன் இவங்கள் என்றுதான் சொல்லியிருப்பான். எனக்கு உன் மேல் இருக்கிற அருவருப்பை விட என் மேல் இருக்கிறது கூட. அதற்காக உன்னை விட்டுவிடுகிறேன் என்று நினைக்காதே.

பொன்னுருக்கலுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. தாலிக்குப் பொன் உருக்கும்போது நான் தகப்பன் என்று சபையில் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு என்னால் இருக்க ஏலாது. சரியான இடத்தையும் நேரத்தையும் கொடுத்துப் புதுக் குறிப்பு எழுதுவிக்கலாமே என்பாய். நான் எழுதுவிக்கவில்லை. பொருத்தம் கூடினாலும் குறைந்தாலும் அதைக் காட்டித் தப்ப உனக்கு இடம் தர எனக்கு விருப்பமில்லை. நீ ஆரபியிடம் போ. முதலில் அவளிடம், பிறகு அவளுடைய தாய் தகப்பனிடம். என் அப்பா குறிப்பில் பொய் எழுதினார், அன்று மேசையில் இன்னொரு பொய் சொன்னார், நானும் சேர்ந்து சிரித்தேன் என்று சொல். அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்ட பெண் அந்த ஊரைக் கண்டு பயப்பட மாட்டாள் என்று நினைக்கிறேன். சம்பந்தியார் பயந்து கல்யாணத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும். அந்த வெட்கம் என்னுடையது, நான் சுமக்கிறேன். நீ போகாவிட்டால் நான் விமானமேறி வந்து அதே மேசையில் சொல்லுவேன். அப்போது உன்னைப் பார்க்க எனக்கு இன்னும் கேவலமாக இருக்கும்.

மா நலேடி எழுதிய அட்டை இதோடு வருகிறது. உன் அம்மா அதைத் தன்னுடைய கூறைச் சேலைக்குள் மடித்து வைத்திருந்தாள். அவள் போன பிறகுதான் கண்டெடுத்தேன். மை கொஞ்சம் மங்கிவிட்டது, ஆனால் வாசிக்கலாம். நேரம் காலை ஆறு பத்து. இடம் மகலாப்பி. அவர்களுடைய வீட்டுக் கதவைத் தட்ட முன்னம், காருக்குள் இருந்து ஒருக்கால் சத்தமாக வாசித்துப் பழகிக்கொள். நானும் இங்கே பழகிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா